மூன்றரைக் குதிரை, இரண்டு அரைப்பேர்

கொவென்ட்ரியிலிருந்து கடிதம் போட்டவருக்கு
எஞ்சின் எண் மட்டும் போதுமாம்.
தோர்பி அன் சன் கம்பெனி செய்தது
மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்,
மிஞ்சியது இரண்டு,
மூன்றாவது எங்கள் தோட்டத்து ஸ்டோரில் கிடப்பதாக
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

கிடக்கிறதுதான். வண்டியாக இல்லை.
பட்டறை மேசைக்கடியில் ஒரு சிலிண்டர்,
போல்ட்டும் நட்டும் போட்டுவைக்க.
கொட்டிக் கவிழ்த்து, சாக்கால் துடைத்து,
டோர்ச் அடித்துப் பார்த்தேன்: 47.

கடிதத்தோடு கம்பெனி வரலாறு நாலு பக்கம்.
தையல் மெஷினுக்கு மிதிகட்டை வார்த்த தகப்பன்,
சைக்கிளில் எஞ்சினைக் கட்டிப் பார்த்த மகன்,
கடன் கொடுத்த பேக்கரிக்காரர்.
ஒற்றைக் கியர். கிளட்ச் கிடையாது. தோல் பெல்ட்.
மூன்றரைக் குதிரைச் சக்தி.
முதல் இரண்டு வருசத்தில் விற்றது ஏழு.

அப்புறம் 1911இல் ஒரு நற்சாட்சி,
விளம்பரத்தில் தடித்த எழுத்தில்:
"இலங்கை மலைநாட்டில் எந்த ஏற்றமும் ஏறிற்று.
நான் ஒருதரமும் மிதிக்கவில்லை, இறங்கவில்லை."
கீழே எங்கள் சின்னத்துரையின் கையெழுத்து.
அந்த வருசம் மட்டும் நாற்பது ஆர்டர்.

துரை பொய் சொல்லவில்லை.

ஆபீஸ் பரணில் அந்த வருசத்துச் செக்ரோல் இருக்கிறது,
கறையான் மார்ச்சோடு நிறுத்திக்கொண்டது.
ஏப்ரலில், கவ்வாத்துக்கும் கான்வெட்டுக்கும் கீழே
கணக்கப்பிள்ளையின் சாய்ந்த எழுத்து:
சைக்கிள் தள்ளினது
வெள்ளையன், அரைப்பேர்
சோணமுத்து, அரைப்பேர்.
மறுநாளும் அதே.
மழைக்காலம் முழுக்க அதே.
நனைந்தால் தோல் பெல்ட் வழுக்கும்,
அப்புத்தளைச் சந்தியிலிருந்து பங்களா வரை
பதினேழு முடக்கு.
துரை மிதிக்கமாட்டார். இறங்கமாட்டார்.
எஞ்சின் புகைக்கும்.
ஏறியது என்னவோ நிஜம்.

வேல்ஸில் வாங்கினவர்களுக்குப்
பின்னால் ஆள் இல்லை.
முதல் மேட்டிலேயே நின்றது,
திருப்பி அனுப்பினார்கள், வழக்குப் போட்டார்கள்.
மகன் தோர்பி ராத்திரியெல்லாம்
கப்பியை மாற்றி மாற்றிப் பூட்டினானாம்.
இங்கே ஏறாதது இலங்கையில் எப்படி ஏறியது,
காற்றின் ஈரமா, எண்ணெயின் கனமா?
அவன் நோட்டுப் புத்தகத்தில்
கேள்வி இருக்கிறது, மீதிப் பக்கம் வெறுமை.
பிறகு யுத்தம்.
பட்டறை குண்டுக்கு மூடி கடைந்தது,
மகன் போனான், வரவில்லை,
பேக்கரிக்காரர் கதவைப் பூட்டினார்.

பாவமாகத்தான் இருக்கிறது. இருபத்தாறு வயது.
ஒரு காயிதம் போட்டிருந்தால்
கணக்கப்பிள்ளை ஒரே வரியில் சொல்லியிருப்பார்.
சொல்லியிருப்பாரா?

பதில் எழுதினேன்.
எண் 47, விளிம்புத் தகடு இரண்டு உடைந்தது.
கேட்காததையும் எழுதினேன்:
சக்தி, மூன்றரைக் குதிரையும் இரண்டு ஆளும்.
வெள்ளையனை இங்கிலீஷில் எழுதிவிட்டேன்,
சோணமுத்துவின் ணகரத்துக்கு அங்கே எழுத்தில்லை,
இருக்கிற எழுத்தைப் போட்டேன்.
பெரிய கிளார்க் வாசித்துவிட்டு
"எண்தானே கேட்டார்" என்றார்.
அவர் கண்ணெதிரே உறையை ஒட்டினேன்.

இறக்கத்தில் அந்த இரண்டு பேரையும்
எப்போதாவது பின்னால் ஏற்றிக்கொண்டாரா
என்பது செக்ரோலில் இல்லை.

தபால் கந்தோரில் முத்திரைக்கு இருபது ரூபாய் குறைந்தது,
கடைக்காரனிடம் வாங்கிக் கட்டினேன்.
பின்னேர பஸ் வரவில்லை.
முடக்குகளை எண்ணிக்கொண்டே மேலே நடந்தேன்.
பதினெட்டு வந்தது.