கழிப்பறைச் சாவி

நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால்
எங்கள் ஊர் மூன்று விளக்குக் கம்பங்கள்.
நடுவில் இருப்பது எரியாது.

"அடுத்த ஊர் எவ்வளவு தூரம்?"
வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.
தொண்ணூற்று நான்கு மைல் என்பேன்
சில்லறையை எண்ணியபடி, முகம் நிமிராமல்.
ஐஸ் மூட்டை, சூரியகாந்தி விதை,
ரேடியேட்டருக்குத் தண்ணீர்,
பிறகு குரலைத் தாழ்த்திச்
சாவி.

அதை ஒரு லாரி பிஸ்டனோடு
சங்கிலி போட்டுப் பிணைத்திருந்தார் முதலாளி வெண்டல்.
கைக்குழந்தை கனம்.
இதையும் ஒருத்தன் மறந்து கொண்டுபோவானா என்றார்.
கொண்டுபோனான்.

ஆகஸ்ட். நிழலிலேயே நூற்றுப் பதினாறு டிகிரி.
வெள்ளை வேன், முதுகில் மூன்று சைக்கிள்,
ஜன்னல் கண்ணாடியில் அப்பிய ஒரு சின்னப் பாதம்.
காசாகத்தான் கொடுத்தார்கள், ரசீது கேட்கவில்லை.
போய் ஒரு மணி நேரம் கழித்துச் சுவரைப் பார்த்தேன்.
வெறும் ஆணி.

அதற்குள் ஒரு பேருந்து நிறைய ஜெர்மானியர்கள்
கதவுக்கு முன் வரிசையாக, மரியாதையாக,
கால் மாற்றிக் கால் மாற்றி.
டெல்பர்ட் தன் இழுவை வண்டியிலிருந்து
கடப்பாரையோடு வந்து பூட்டைப் பெயர்த்தான்.
கைதட்டினார்கள்.
இந்த ஊரில் அதற்கு முன் கைதட்டல் கேட்டது
பள்ளிக்கூடத்தை மூடிய அன்று.

புதுப் பூட்டு வந்தது. எண் பூட்டு, நாலு இலக்கம்.
சொல்லிச் சொல்லி வாய் வலித்து
கதவிலேயே எழுதிவைத்தேன்.

நவம்பரில் ஒரு பெட்டி.
தபாலாபீஸ் லோரெட்டா இடுப்பில் வைத்துத் தூக்கிவந்தாள்.
மேலே நாலு ஊர் முத்திரைகள், அடித்தல், திருத்தல்.
முகவரி இவ்வளவுதான்:
பெட்ரோல் பங்க்,
மூன்று விளக்கில் ஒன்று எரியாத ஊர்,
நெவாடா.

உள்ளே பிஸ்டன், சங்கிலி, சாவி.
மடித்த தாளில் ஒரு பெண்ணின் கையெழுத்து:
மன்னியுங்கள். மகனுக்கு நாலு வயது.
சங்கிலியைப் பிடித்து வீடு முழுக்க இழுக்கிறான்.
நாய் என்கிறான். பெயர் வால்டர்.
அவன் தூங்கும்போது எடுத்து அனுப்புகிறேன்.

வெண்டல் இரண்டு தடவை படித்தார்.
ஒரு சூயிங்கம் குறைந்தால்
என் சம்பளத்தில் பிடிக்கிற மனிதர்.
மூக்குக் கண்ணாடியைச் சட்டையில் துடைத்து
"நாயை எவளாவது தபாலில் அனுப்புவாளா" என்றார்.
தன் பணப்பையைத் திறந்தார்.
பத்தொன்பது டாலர்.

சாவியைக் கழற்றலாமா என்று கேட்டேன்.
இருக்கட்டும், கழுத்தில் ஏதாவது தொங்கினால்தான்
நாய் என்று நம்புவார்கள் என்றார்.

பெட்டியை மறுபடி ஒட்டினோம்.
அனுப்புநர் என்ற இடத்தில்
ஊர்ப் பெயரை எழுதத் தொடங்கி, நிறுத்தி,
அந்தப் பெண் எழுதியதையே பார்த்து எழுதினேன்.

மணி அடித்தது. உள்ளே வந்தவன்
தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே
அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என்றான்.
தொண்ணூற்று நான்கு என்றேன்.
அவனுக்கு ஒரு கண் பச்சை, ஒரு கண் பழுப்பு.