அறுபது தறிக்கு எதிர்வீடு

என் வேலை பொத்தானை அமுக்குவது.
எழுபத்திரண்டு பேர் வாசிக்கும் குழு
ஒரு ஸ்பீக்கர் டப்பாவுக்குள் இருக்கிறது.
பியானோவை மட்டும் உருவிவிட்டுப் பதிந்தது,
பந்தியில் ஓர் இலையைக் காலியாக விட்டாற்போல.

அந்த இலையில் என் மனைவி.
பொற்கொடி எஸ்தர், கணக்கு டீச்சர்.
குன்னூர்த் தோட்டத்து ஏலத்தில் எடுத்த பியானோ
மினி லாரியில் சோமனூர் வந்திறங்கியபோது
"ஏனுங் டீச்சர், பாவு மிசினுங்களா?" என்றார்கள்.
இருக்கலாம்.
உள்ளே இருநூறு சொச்சம் இழை
முறுக்கேறி நிற்கிறது.

முன்னெல்லாம் குழு பேசி முடிக்கும்வரை
பியானோ காத்திருக்க வேண்டுமாம்,
பெண் பார்க்கும் வீட்டில் பெண்ணைப்போல.
இதை எழுதிய ஆளுக்குப் பொறுமையில்லை.
அவர் காலமே பொறுமையில்லாத காலம் என்கிறாள்.
நாலாம் நொடியில் நடுக்கூடத்துக்குத் தள்ளிவிட்டார்.

அப்புறம் சண்டை.
ஒருத்தி ஒரு பக்கம், எழுபத்திரண்டு பேர் ஒரு பக்கம்.
வரப்புத் தகராறு என்றுதான் நினைத்தேன்,
புல்லாங்குழல் ஒன்று
அவள் சொன்னதையே மெதுவாகத் திருப்பிச் சொல்லும்வரை.

செவ்வாய்க்கிழமை, பதினோராம் நிமிடம்,
கரண்ட் போனது.
எழுபத்திரண்டு பேரும் ஒரே மூச்சில் செத்தார்கள்.
எதிரில் அறுபது தறியும்.
சோமனூரில் ஒரு காக்காய் கத்துவது
அன்றுதான் கேட்டது.

அவள் நிறுத்தவில்லை.
குழு ஓய்ந்து பியானோ தனியே போகும் இடம்,
கடென்சா என்பாள்,
இன்னும் இரண்டு பக்கம் தள்ளி இருந்தது.
ஒரே தாவாகத் தாவி அங்கே போய் நின்றாள்,
அதற்கென்றே கரண்ட் போனதுபோல.

காதுப் பஞ்சை எடுத்தபடி
தறி ஆட்கள் தெருவுக்கு வந்தார்கள்.
ஒடிசாப் பையன் ஒருவன்
பற்றவைக்காத பீடியை மறந்திருந்தான்.
"இழை அறுந்தாத் தறி நிக்கோணும்,"
என்றார் குப்பியண்ணன்,
"இது நிக்கிலியேங்."

முடிவில் அவளுடைய இரண்டு விரல்கள்
பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளில் நடுங்கும்.
குழுவுக்குச் சாடை அது: இனி வாங்க.
நடுங்கின.
என்னைப் பார்த்தாள்.
செத்த டப்பாவின் பொத்தானில் விரல் வைத்து நின்றேன்.
மறுபடி நடுங்கின, வரவேண்டிய நேரம் கடந்தும்,
வாசலில் விருந்தாளியை நிறுத்தி வைத்ததுபோல.

வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தேன்.
எழுபத்திரண்டு பேருக்கும் சேர்த்து
சுருதி கெட்ட ஒரு தொண்டை.

சிரிப்பில் மூன்று சுரம் தப்பவிட்டாள்.
பரீட்சையாயிருந்தால் மார்க் போயிருக்கும்.
விரல் மட்டும் கட்டையை விட்டு எடுக்கவில்லை,
எதிரில் மோட்டார் உறுமத் தொடங்கும்வரை.