பதினாறு பரப்பு

பிரம்டனிலிருந்து மச்சான் அனுப்பிய
பிறந்தநாள் பரிசு அது.
சந்திரனில் ஒரு ஏக்கர்.
தடித்த தாள், பொன்நிற ஓரம்,
யாரோ ஒரு வெள்ளைக்காரனின் கோழிக் கிறுக்கல்.
விலை முப்பது டொலர், தபால் செலவு வேறு.

ஏக்கர் எங்களுக்குப் பிடிபடாது.
அம்மா அடுப்படியில் நின்றபடியே
பரப்பாய் மாற்றினா: "பதினாறு."
பிறகு கேட்டா, "கிணறு?"

தாளை நெஞ்சோடு பிடித்துப் படம் எடுத்து
முகநூலில் போட்டேன். கீழே எழுதினேன்:
"இனி எனக்கும் காணி இருக்கு.
முள்ளுக்கம்பி இல்லை. போய்வர
ஒருத்தரிட்டயும் கேக்கத் தேவையில்லை."
முப்பத்தெட்டுப் பேர் விரும்பினார்கள்.
ஒருத்தி மட்டும் "சீதனத்துக்கு ஆச்சு" என்று எழுதி
கண்ணீர் வழியச் சிரிக்கும் முகம் ஒன்றை வைத்தாள்.

அது சித்திரையில்.
ஆவணியில் ஸ்ரான்லி வீதி, மூன்றாம் மாடி,
கடன் பிரிவு உதவியாளர்,
நேர்முகம் பத்தரைக்கு.

சான்றிதழ்க் கோவையை நான் நீட்ட முன்னமே
அவர்களிடம் ஒரு கோவை இருந்தது.
நான்தான். வர்ணப் பிரதி, மூலையில் ஸ்ரேப்பிள்.
கசூரினாக் கரையில் பைக்கில் சாய்ந்து நிற்கிற நான்,
மின்வெட்டைத் திட்டுகிற நான்,
இரவு ஒன்றே முக்காலுக்கு
யாருடைய பகிடிக்கோ "செத்தேன்" என்று சிரித்த நான்.

"பைக் ஆற்றை?" என்றா மனிதவளத்து மிஸ்.
"என்ர, மிஸ். லீசிங் கட்டி முடிஞ்சுது."
எதையோ குறித்தா.
"ஒன்றே முக்கால் மட்டும் முழிப்பீரோ?"
ஏசிக்குக் கீழே எனக்கு வேர்த்தது.

முகாமையாளர் ஞானப்பிரகாசம் சேர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
கடைசித் தாளை என் பக்கம் தள்ளினார்.
நிலாத் தாள்.
"ஒருத்தர் இதை ஈடு வைக்க வந்தால்
என்ன செய்வீர், பிள்ளை?"
மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

நானும் சிரித்திருப்பேன். ஆனால்
நொத்தாரிசு ஒருவரிடம் ஐந்து வருஷம்
தட்டச்சடித்த விரல்
தாளின்மேல் தன்பாட்டில் ஓடத் தொடங்கிவிட்டது.

"எல்லை போடேல்லை, சேர்.
கிழக்கே ஆர், வடக்கே ஆர், ஒண்டுமில்லை.
சாட்சி ரெண்டு பேரின்ர ஒப்பம் இல்லை.
வித்தவருக்கு இது எப்பிடி வந்தது,
முதுசமோ, சீதனமோ, தேடிய தேட்டமோ, சொல்லேல்லை.
காணிக் கந்தோரில பதிவில்லை.
தேசவழமைப்படி பங்குக்காரருக்கு
முதலில அறிவிச்சிருக்க வேணும்.
ஒரு நிலவுக்கு எத்தினை பங்குக்காரரோ.
வழி வாய்க்கால் பாத்தியதை இல்லை.
கிணத்திலயும் பங்கில்லை.
ஈடு எடுக்க ஏலாது."

மிஸ்ஸின் பேனை நின்றது.
சேர் தலையாட்டினார்.
அதோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா சேர், மயிலிட்டியில எங்கட உறுதியில
இதெல்லாம் இருக்கு.
நாலெல்லை, சாட்சி, கிணத்தில எட்டில் ஒரு பங்கு.
அதையும் நீங்கள் ஈடு எடுக்க மாட்டியள்."

கொஞ்ச நேரம் ஏசி மட்டும் பேசியது.
சேரின் கண்ணாடி நெற்றியிலிருந்து
தானாகவே வழுகி மூக்கில் வந்து நின்றது.

படியிறங்கி வர, பதினொரு மணி வெயிலில்
மேற்கே பாதி நிலவு,
தோய்த்துத் தோய்த்து நரைத்த துணி மாதிரி.
என்ர துண்டு எந்தப் பக்கம் என்று
பார்த்துக்கொண்டே நடந்ததில்
பஸ் நிலையம் வந்தபிறகுதான்
பைக்கில் வந்த ஞாபகம் வந்தது.

கடிதம் வரவில்லை, வருந்துகிறோம் என்றுகூட.

பத்தொன்பதாம் நாள் இரவு
கரண்ட் போய், புழுங்கி, புரண்டு கிடக்க
கைபேசி ஒளிர்ந்தது.
சித்திரை மாதத்துப் படத்துக்குக் கீழே
முப்பத்தொன்பதாவது விருப்பம்.
அ. ஞானப்பிரகாசம்.
அவரின் முகப்புப் படத்தில் முகம் இல்லை.
ஒரு இரும்புப் படலை, பூட்டு,
பின்னால் ஆளுயரப் பற்றை.

நேரம் பார்த்தேன். ஒன்று ஐம்பது.
சேரும் முழிப்பார்.

விடியப் பார்க்க, முப்பத்தெட்டு.
நானும் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கலாம்.