சுவருக்கு அந்தப் பக்கம்

விதையை வாசற்படிச் சிமெண்டில்
தேய்த்துத் தேய்த்துத்தான் முளைக்க வைத்தேன்.
அவ்வளவு கெட்டித் தோல்.
இரவுப் பணி முடிந்து வந்து
ஆஸ்பத்திரிச் செருப்பைக்கூடக் கழற்றாமல்
துணி அலசிய நீரை ஊற்றுவேன்.
புலவாயோவில் குழாய்
வாரத்துக்கு இரண்டு நாள்தான் வாய் திறக்கும்.

அரளி பூத்தது. காகிதப்பூ
கேட்காமலே வேலியெல்லாம் ஏறியது.
மயில்கொன்றை மட்டும்
எட்டு வருடமாய் இலை, இலை, இலை.
ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பேசும் வுசுமுசி
"பூத்ததா?" என்று கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டான்.
பக்கத்து வீட்டு மாபேனா,
வேர் தன் குழாயை உடைக்கும் என்று
நகராட்சிக்கு இரண்டு கடிதம் போட்டார்.
இரண்டிலும் என் பெயரில் ஓர் எழுத்துக் குறைவு.

இந்த நவம்பரில்,
மழைக்கு முந்தைய கொதிக்கும் வாரத்தில்
பூத்தது,
சுவர் தாண்டிய ஒற்றைக் கிளையில்.
அங்கே மட்டும்.

என் மரத்தைப் பார்க்க
அவர் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று.
திறந்தார். கடிதங்களை
அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.
அண்ணாந்து நின்றேன்:
நான்கு இதழ் முழுச் சிவப்பு,
ஐந்தாவது வெள்ளை, அதில் சிவப்புத் தெறிப்பு,
புதிதாய்ப் போட்ட கட்டில் கசிந்ததுபோல.
எனக்கு இப்படித்தான் தோன்றும், என் வேலை அப்படி.

ஞாயிறு தவறாமல்
அவர் கழுவித் துடைக்கும் பழைய பீஜோ கார்,
கூரை, கண்ணாடி, கதவிடுக்கு எல்லாம்
நாலைந்து நாள் இதழ்கள்.
நான் பார்ப்பதைப் பார்த்தார்.
"தண்ணி வரலை, நொமலங்கா" என்றார்.

அவருக்குப் பின்னால்
தோட்டத்துக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.