காரணம் எழுதும் கட்டம்

இரண்டாவது ட்ரேயை நான் எப்போதும்
பச்சைத் துணிக்கு அடியில் வைத்திருப்பேன்.
டாக்டருக்குத் தெரியும். கேட்க மாட்டார்.
கல்யாணத்துக்குக் கிளம்புகிறவள்
கைப்பையில் ஊக்கு போட்டுக்கொள்வது மாதிரிதான்.

செங்கோட்டுவேல், ஐம்பத்தெட்டு,
லீ பஜார் எடைமேடையில் லாரிகளை நிறுப்பவர்.
கணையத்தின் வாலில் ஒரு கட்டி,
ஸ்கேனில் புளியங்கொட்டை அளவு.
நாலு துளை போதும் என்று சொல்லியிருந்தோம்.
நாலாம் நாள் வீடு என்றும்.
சம்மதப் படிவத்தின் ஏழாவது வரியைப்
பாவாயி அக்கா விரல் வைத்துப் படித்தார்:
தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து.
"தேவப்படாதுல்ல?"
நான் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன்.

அறைக்குள் விளக்கை அணைத்துவிடுவோம்.
திரை மட்டும் ஒளிரும்.
ஊதிய வயிற்றுக்குள்
கொழுப்பு மஞ்சளாக, ஈரல் கத்தரிக்காய் நிறத்தில்,
எல்லாமே பெரிதாக, கிட்டத்தில்.
தொடுவது மட்டும் கருவியின் நுனி.
இழுக்கிறது, தள்ளுகிறது என்று சொல்லும்.
வெந்ததா வேகாததா என்று சொல்லாது.

பத்து நாற்பது.
மண்ணீரல் ரத்தக்குழாய் கணையத்தின் முதுகோடு
ஒட்டிக் கிடந்தது.
வாயு என்று நினைத்து அவர் சோடா குடித்த வருஷங்கள்
சுவரில் போஸ்டர் மேல் போஸ்டர் மாதிரி
இரண்டையும் ஒன்றாக்கியிருந்தன.
அருளானந்தி டாக்டர் மேலிருந்து போய்ப் பார்த்தார்.
கீழிருந்து பார்த்தார்.
வலப்பக்கம் சாய்க்கச் சொல்லிப் பார்த்தார்.
பதினொன்று ஐந்து.
கேமரா பிடித்த பயிற்சிப் பையனின் முழங்கை சோர்ந்து
திரையில் ஒரு பூகம்பம் வந்து போனது.
ரத்தம் இல்லை. ஒரு சொட்டுகூட இல்லை.
அதுதான் கஷ்டம்.
ரத்தம் வந்தால் ரத்தமே முடிவெடுத்துவிடும்.

போன ஆடியில் அது எடுத்தது.
திரை சிவந்தது, பிறகு கறுத்தது,
ரத்தம் வெளிச்சத்தைக் குடித்துவிடும்.
இன்னும் ரெண்டு நிமிஷம் என்று
பத்துத் தடவை சொன்னோம்.
அந்த அம்மாள் பெயரை இங்கே யாரும் சொல்வதில்லை.
எண்ணி முடித்த பிறகும்
நான் ஒரு காஸ் துணியை எண்ணுகிறேன்.

பதினொன்று இருபத்தாறு.
அருளானந்தி கருவிகளை வெளியே உருவினார்.
ஒன்று. இன்னொன்று.
"ஓப்பன் பண்ணிடலாம்."
லோடு அதிகம், இறக்கிட்டுப் போ என்று
எடைமேடையில் சொல்கிற குரல்.

யாரோ விளக்கைப் போட்டார்கள்.
அறைக்கு ஓரங்கள் வந்தன:
கடிகாரம், தரையில் ஒரு கையுறை உறை,
பையனின் ஈரமான கண்கள்.
காற்று வெளியேறி வயிறு இறங்கியது.
துணியை விலக்கினேன்.
கத்தி. ரிட்ராக்டர். பிறகு கை.
டாக்டர் இரண்டு விரலை உள்ளே விட்டுக்
கண்ணை மூடிக்கொண்டார்.
நிஜமாகவே. நாலு நொடி.
கரண்ட் போன வீட்டில் தீப்பெட்டி தேடுகிற மாதிரி.
"இங்க இருக்கு" என்றார்.

ஒன்றே முக்காலுக்குத் தையல்.
எண்ணிக்கை சரி. மறுபடியும் எண்ணினேன். சரி.

பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு: மாற்றியதற்குக் காரணம்.
'ஒட்டல்' என்று எழுதினார். அடித்தார்.
'தெரியவில்லை' என்று எழுதினார்.
அதை அடிக்கவில்லை.

வெளியே பாவாயி அக்காவிடம்
கையை விரித்து நீளத்தைக் காட்டினார்.
அக்கா அந்தக் கையையே பார்த்தார்.
"நாலு ஓட்டன்னீங்க."
"சொன்னேன்."
டாக்டர் அதற்குமேல் பேசவில்லை. நகரவும் இல்லை.
அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் ஏற்காட்டு பஸ் ஒன்று
ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பியது.

மூன்றாம் நாள் செங்கோட்டுவேல்
பேண்டேஜைக் குனிந்து பார்க்க முயன்று, முடியாமல்,
என்னைக் கேட்டார்:
"எடுத்தது எத்தன கிராம்?"
லேபில் சொல்வார்கள் என்றேன்.
"அவங்க தராசுக்கு முத்திர போட்டிருக்கான்னு பாருங்க."
சிரிக்கப் போனார். வலித்தது.
தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு
மீதியைப்
பிறகு சிரிப்பதாகச் சொன்னார்.