எர்த்

தொட்டால் சுருக்கென்றது பெட்டி.
தூக்கிப்போடும் அளவுக்கு இல்லை,
எறும்புக்கடி போல. ஆனால் ஒவ்வொரு முறையும்.

டிராம் டிப்போவில் பதினோரு வருடம் வயரிங் பார்த்தவளுக்கு
காரணம் புரிய ஒரு நிமிடம் போதும்:
என் தம்பி வால்ட்ஸ்
திருகு உட்காரும் இடத்தையும் விடாமல்
ஜன்னல் சட்டத்துக்கு வாங்கிய கறுப்பைப் பூசியிருக்கிறான்.
பெயின்ட் மேல் உட்கார்ந்த திருகுக்கு
பூமி எங்கே தெரியும்?

பிளக்கை உருவினேன். பவர் சப்ளையை முழுசாகக் கழற்றினேன்.
அதன் வயிற்றை மட்டும் திறக்கவில்லை,
பிளக் போன பிறகும் உள்ளே மின்சாரம் விழித்திருக்கும்.
போர்டுகள் அட்டைப்பெட்டியில்,
பிளாஸ்டிக் பித்தான்கள் டீக் கோப்பையில்.
மிஞ்சியது தகரக் கூடு.

ரீகாவில் மார்ச். மைனஸ் மூன்று.
அடுப்பை அணைத்து, பால்கனிக் கதவை விரியத் திறந்து,
ரப்பர் கையுறை, கண்ணாடி, கோட்டுக்கு மேல் ஏப்ரன்.
பக்கத்துப் பால்கனிக்கு சிகரெட்டோடு வந்த இல்க்வார்ஸை
"ஒரு மணி நேரம் உள்ளே போங்கள்" என்றேன்.
போனார், முணுமுணுத்தபடி.

உப்புத்தாள் வேண்டாம். அடியில் என்ன பெயின்டோ,
ஈயம் இருந்தால் தூள் மூச்சோடு போகும்.
காஸ்டிக் சோடாவும் கூடாது,
முன்பலகை அலுமினியம், பொங்கித் தின்றுவிடும்.
ஜெல்லைத் தடிமனாகத் தடவிக் காத்திருந்தேன்.
குளிரில் அதுவும் சோம்பேறி.
இருட்டப் போகும் நேரத்தில்
கறுப்பு சுருங்கியது, பால் ஏடு மாதிரி.
பிளாஸ்டிக் கரண்டியால் வழித்தேன்.

இடது பலகையின் உள்பக்கம்
ஊசியால் கீறிய எண் ஒன்று.
அடகுக்கடை எண். பக்கத்தில் அக்டோபர்.
அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த அக்டோபர்.

"ரிப்பேருக்குக் கொடுத்திருக்கேன்" என்று
அவன் மூன்று மாதம் சொன்னான்.
நான் மூன்று மாதம் திட்டினேன்.
மருந்துக்கடைப் பாக்கி எப்படித் தீர்ந்தது என்று
வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

கழுவினேன். துடைத்தேன். இரவு முழுக்கக் காயவிட்டேன்.
கந்தல்களை மூடி போட்ட டின்னில் அடைத்து
ரசாயனக் குப்பைக்கு என்று எழுதி வைத்தேன்.
காலையில் திருகுகளை முடுக்கி
மீட்டரின் முனைகளை வைத்ததும்
பீப்.
கை வைத்தேன். ஒன்றுமில்லை.

லிமரிக்கில் இறைச்சி ஆலை இடைவேளை நேரம் பார்த்து
செய்தி அனுப்பினேன்:
பெட்டி இப்போது சுருக்கென்பதில்லை.
என்ன செய்தாய்?
பெயின்டை எடுத்தேன்.

வெகுநேரம் கழித்துக் கேட்டான்:
உள்பக்கமுமா?