கீழ்மடைக் கணக்கு

மூன்று வருஷமாக எனக்கு ஒரு சந்தேகம்.
கீழ்மடைக்காரர்கள் என் கடையில்
பாதி மூட்டைதான் வாங்குகிறார்கள்.

மேலூரில் வாங்கி ராவோடு ராவாக
டிராக்டரில் இறக்குகிறார்கள் என்று
சேவுகனிடம் சண்டைகூடப் போட்டேன்.
"சத்தியமா இல்லக்கா.
பயிர் கேக்கல, நான் போடல."
பயிர் கேட்கவில்லையாம்.
அது எந்தக் காலத்தில் வாயைத் திறந்தது?

கைரேகை மிஷினில் தேடிப் பார்த்தேன்.
நாற்று நட்டுத் தேய்ந்த பெருவிரல்களை
முந்தானையில் துடைத்துத் துடைத்து
மூன்றாம் தடவையில் பச்சை விளக்கு எரியவைத்த
அத்தனை பேரும் அதில் இருந்தார்கள்.
மேல்மடை, ஏக்கருக்கு மூன்று யூரியா.
கீழ்மடை, ஒன்றரை.
டிஏபியும் அரை மூட்டை குறைவு.

அப்புறம் ஒரு மார்கழி விடியலில்
கடன் பாக்கி கேட்க நரியன்கண்மாய்க் கரையில் போனேன்.
மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போக முடிந்தது.
தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரமெல்லாம்
சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை.
நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன்,
சிறகை விரித்துக் காயப்போட்ட நீர்க்காகம்.
கிளைக்குக் கிளை கூடு, கூட்டுக்குக் கூடு சண்டை.
சொட்டுச் சொட்டாய் விழுந்தது எல்லாம் தண்ணீரில்.
மரங்களுக்கு நேர் கீழேதான் கீழ்மடை.
கலங்கிய பச்சையாய் அது திறந்து ஓடுவதைப் பார்த்தபடி
பாக்கி கேட்க மறந்து நின்றேன்.

என் வியாபாரத்தில் கை வைத்தவர்கள்
இறக்கையோடு இருக்கிறார்கள்.

சொல்லாமல் விட்டிருக்கலாம்.
யூரியா மூட்டைக்கு எனக்கு நிற்பதே பதினைந்து ரூபாய்.

மாசியில் மரத்தை ஏலம் விட நோட்டீஸ் ஒட்டினார்கள்.
நாலு லட்சத்து எண்பதாயிரம்.
மயானத்துக்குக் கொட்டகை போடலாம்,
மழையில் பிணத்தோடு நிற்க வேண்டாம் என்றார்கள்.
நியாயம்தான். போன ஐப்பசியில்
என் மாமனாரை நனைந்துகொண்டுதான் எரித்தோம்.
மீன் குத்தகை எடுத்த வெள்ளைச்சாமி எழுந்து,
"கெண்டைக்குஞ்சு விடுறது நான், திங்கிறது நாரை" என்றார்.
அதுவும் பொய்யில்லை.

சேவுகன் எழுந்தான், பேசத் தெரியாமல்
"பறவை இருந்தா வெள்ளாமை நல்லாருக்கும்" என்றான்.
கூட்டம் சிரித்தது.
நல்லா என்றால் எவ்வளவு என்று தலைவர் கேட்டார்.
அவன் என்னைப் பார்த்தான்.

பையில் இருந்து பில் புத்தகத்தை எடுத்தேன்.
நூற்றுப் பத்து ஏக்கர்.
யூரியா மிச்சம் நூற்று அறுபத்தைந்து மூட்டை,
இருநூற்று அறுபத்தாறு ரூபாய் ஐம்பது காசு வீதம்.
டிஏபி மிச்சம் ஐம்பத்தைந்து,
ஆயிரத்து முந்நூற்று ஐம்பது வீதம்.
கூட்டினால் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்துச் சொச்சம்.
ஒரு வெள்ளாமைக்கு.
நாலு வெள்ளாமையில் ஏலத்துக் காசு ஏறக்குறைய நேராகும்,
அஞ்சாவதில் இருந்து மேலே வருவதெல்லாம் உங்களுக்கு.
எனக்கு நஷ்டம், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

யாரும் கைதட்டவில்லை.
மேல்மடைக்காரர் ஒருவர் மட்டும்
"எங்க பக்கமும் நாலு கருவேலங்கன்று நட்டா
நாரை வருமா?" என்று கேட்டார்.
எனக்கென்ன தெரியும், நான் உரம் விற்கிறவள்.

ஏலம் ஒரு வருஷம் தள்ளிப் போயிருக்கிறது.
கொட்டகை இன்னும் இல்லை.
வெள்ளைச்சாமி என் கடைப் பக்கம் வருவதில்லை.
மழை பொய்த்தால் நாரையும் வராது,
அந்த வருஷம் என் கணக்கும் நிற்காது.
இதைக் கூட்டத்தில் சொல்லவில்லை.

இன்று காலை கடை திறக்கும்போது
ஸ்கூட்டி சீட்டில் வெள்ளையாய் ஒரு எச்சம்.
துணியை எடுத்தவள் ஒரு நிமிஷம் நிறுத்தி
மனசுக்குள் விலை போட்டேன்:
பத்துப் பைசா இருக்கும்.
துடைத்துவிட்டு மூட்டையை அடுக்கினேன்.